செங்கோல்மேரியின் கிழியாத தோல்

கோணப்பாறையில் எந்த டிரம்முக்குப் போட்ட எந்தத் தோலும் இருபது நாளைக்கு மேல் தாங்குவதில்லை என்பது, அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதைப்போல எல்லோருக்கும் தெரிந்த, ஆகவே யாரும் பேசாத ஒரு விஷயமாக இருந்தது. ஊருக்கு வடக்கே கல்மாவு மில் இருந்தது. மலையடிவாரத்தில் வெட்டிய வெங்கச்சாங்கல்லை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, உடைத்து, அரைத்து, சலித்து, குழந்தைக்குப் பூசும் பவுடரைவிட மெல்லிசான வெள்ளை மாவாக்கி, எங்கோ இரும்பு உருக்குகிற ஊர்களுக்கு மூட்டை கட்டி அனுப்புகிற மில். மூட்டைக்குள் அடங்காத மாவு காற்றிலேறி வந்து, ஓட்டுக் கூரைகளிலும் எருமைகளின் முதுகிலும் குகை மாதிரி கட்டிய கெபியில் நின்ற மாதாவின் நீல முக்காட்டிலும் கொடியில் காய்ந்த சேலைகளிலும் ஆறவைத்த கஞ்சியிலும் ஒரே மாதிரி இறங்கியது. செங்கோல்மேரியின் சைடு டிரம்மிலும் இறங்கியது. அதன்மேல் குச்சி விழ விழ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தோல் தேய்ந்து, ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு சப்பரம் முடிவதற்குள் நடுவில் பிறை நிலா மாதிரி கீறல் விழுந்துவிடும்.

செங்கோல்மேரிக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஜெயராக்கினி பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்த அவளுடைய அப்பா சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, மறுநாள் சாவுக்கு அடிக்க ஆளில்லாமல் போக, அவருடைய சிவப்புச் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு பத்தொன்பது வயதில் போய் நின்றவள் அவள். கை கூடிய பிறகு அப்பா டிரம்மைத் திருப்பிக் கேட்டார். "கை கூடிருச்சுன்னா சோத்த அள்ளி நல்லாத் தின்னுங்கப்பா. டிரம்மு என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். இருந்தது.

அந்த வருஷம் பங்குத் திருவிழாவுக்கு முன்னால் நாலாவது தோலும் கிழிந்தபோது, இனிமேல் கிழிகிற தோலைப் போடுவதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். முதலில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்திப் போட்டாள். அது வெயிலில் விண்ணென்று பேசியது, மேகம் வந்தால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. இரட்டைப் பிளாஸ்டிக் தோல் வாங்கிப் போட்டாள். அது முப்பது நாள் தாங்கியது, ஆனால் உள்ளே தலையணை வைத்து அடித்த மாதிரி சத்தம் வந்தது. தேர்தல் முடிந்து மரத்தில் தொங்கிய பிளெக்ஸ் பேனரை வெட்டிப் போட்டுப் பார்த்தாள். அதில் வேட்பாளரின் மூக்கு சரியாக நடுவில் வந்ததால் ஒருநாள் அடிப்பதற்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் பஸ் ஏறித் திண்டுக்கல் போய், வாத்தியம் பழுது பார்க்கிற காஜா பாய் முன்னால் டிரம்மை வைத்தாள்.

காஜா பாய் வளையத்தைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த வெள்ளை மாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உடனே துப்பினார்.

"இந்த மாவுக்குக் கம்பெனித் தோல் எதும் நிக்காதும்மா. எக்ஸ்ரே பிலிம் இருக்கா வீட்டுல? பழைய கனத்த பிலிமு. அதப் போடு. கண்ணாடி மாதிரி பேசும், ஆயுசுக்கும் கிழியாது."

"இருக்கு பாய்" என்றாள் செங்கோல்மேரி. பிறகு, இருக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஏனென்றால் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிலிம். அது அவளுடைய அக்கா பிரகாசியின் நெஞ்சு. பிரகாசி மில்லில் மூன்று வருஷம் மாவு சலித்தாள். முதல் வருஷம் புருவம் வெளுத்தது, இரண்டாம் வருஷம் மாடியேற முடியாமல் போனது, மூன்றாம் வருஷம் இருமல் வந்தது. இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல், அதற்குப் பிறகு கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஓர் இழுப்பு. மில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "டிபி, ஒட்டிக்கும், தள்ளியே இருங்க" என்றார். அதை நம்பித்தான் செங்கோல்மேரி அக்காவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தாள். அக்காவின் பாயைக் கோழிக்கூண்டுப் பக்கம் போட்டாள். தன் பிள்ளை பெரியம்மா மடியில் ஏறப் போனபோதெல்லாம் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவந்தாள். பிரகாசி தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். முப்பத்தைந்து வயதில், தனித் தட்டில் பாதிச் சோறு மிச்சமிருக்க, செத்துப்போனாள். அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அவளை எடுத்த ஒரே படம் நெஞ்சுக்குள் எடுத்ததுதான். அதையும் ஒரு சூரிய கிரகணத்தின்போது தெருப்பிள்ளைகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள்.

டிரம் கிழிந்து கிடந்த அதே வாரத்தில் மில்லிலிருந்து ஆள் வந்தது. கோணப்பாறையில் ஆறு வருஷத்தில் இருபத்தேழு பேர் இருமிச் செத்தது எப்படி என்று விசாரிக்க அதிகாரி வரப்போவதாகப் பேச்சு இருந்தது. மில்லின் ஆட்கள் வீடு வீடாகப் போய், "ரெக்கார்டுக்கு வேணும், பாத்துட்டுத் தந்துருவோம்" என்று பழைய பிலிம்களை வாங்கி ஒரு வேனில் அடுக்கினார்கள். வாங்கிப் போனது எதுவும் திரும்பவில்லை. இருபத்தாறு வீட்டில் வாங்கியாயிற்று. இருபத்தேழாவது வீட்டில் செங்கோல்மேரி வாசலில் நின்று, "மழையில நனஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். வந்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மேனேஜர் வருவாரு, நல்லாத் தேடி வைங்க" என்றான்.

அன்று மத்தியானமே அவள் பிலிமை எடுத்து வெயிலில் பிடித்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே, பனி விழுந்த வயல் மாதிரி, வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். டிரம்மின் வளையத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டினாள். பேரும் நம்பரும் தேதியும் எழுதிய மூலை வட்டத்துக்கு வெளியே விழுந்தது. விசாரணைக்கு அது வேண்டியிருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒளித்துவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான். மூலையை அடுப்பில் போட்டாள். வெட்டிய வட்டத்துக்கு மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காயவைத்து, டிரம்மில் ஏற்றி, சாவியால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். மறுநாள் மேனேஜர் வைத்திலிங்கம் வந்து அரிசிப்பானைக்குள்கூடக் கையை விட்டுத் தேடினார். டிரம் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், எல்லா டிரம்மும் இருக்கிற மாதிரி, இருந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. பேண்டு மாஸ்டர் ராயப்பன் டிரம்பெட்டைத் தூக்கினார், பெரிய டிரம் இரண்டு தட்டுத் தட்டியது, செங்கோல்மேரி குச்சிகளை இறக்கினாள். டிரம் இருமியது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை, பிறகு அடியில் ஓடுகிற கம்பிகள் சரசரத்து ஓர் இழுப்பு. அவள் உருட்டடி அடித்தபோது இருமல் தொடர்ச்சியாக, குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிற மாதிரி வந்தது. மெதுவாகத் தட்டினால் இளைத்தது. சப்பரத்தைத் தூக்கி வந்தவர்கள் நிற்கவில்லை. வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "நம்ம பிரகாசிதான" என்றாள். "அவதான். இந்த இழுப்பு அவளோடதுதான்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாம் வீட்டுக்காரி உள்ளே போய்ச் சுக்குக் காப்பி ஒரு டம்ளர் கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, செங்கோல்மேரியிடம் நீட்டினாள். "நீ குடிச்சா, அவளுக்கும் ஆகும்" என்றாள். செங்கோல்மேரி நடந்துகொண்டே குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சுக்குக் காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

ஊர் அந்த இருமலோடு வாழப் பழகியது. ஜெயராக்கினி பேண்டைக் கல்யாணத்துக்கு வைக்கலாமா கூடாதா என்று கொஞ்ச நாள் வாக்குவாதம் நடந்தது. பொண்ணுக்கு ஆகாது என்றார்கள் சிலர், பிரகாசி உசுரோட இருந்தா கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டாளா என்றார்கள் சிலர். வந்திருப்பாள் என்று முடிவானது. பந்தியில் அவளுக்கென்று ஓர் இலை போடுகிற வழக்கம் யாரும் தொடங்காமலே தொடங்கியது. பங்குச் சாமியார் பூசையின்போது டிரம்மை அனுமதித்தார், நடுப்பூசையில் மட்டும் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொன்னார், அப்போதும் அது லேசாகத் தொண்டையைச் செருமியது, அவர் சற்றே நிதானித்துவிட்டு மேலே சொன்னார். பாடகர் குழு இருமலுக்கு இடம்விட்டுப் பாடக் கற்றுக்கொண்டது. டீக்கடையில் பேண்டு செட்டுக்கு ஐந்து டீயும் ஒரு வெந்நீரும் வந்தது. மழைக்காலத்தில் இருமல் கூடியபோது யாரோ டிரம்முக்கு ஒரு மப்ளர் பின்னித் தந்தார்கள். அதைக் கட்டினால் சத்தம் குறைந்தது, அதனால் செங்கோல்மேரி அதைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

தோல் கிழியவில்லை. இருபது நாள் போய், அறுபது நாள் போய், நூறு நாள் போயிற்று. மாவு படிந்தது, குச்சி தேய்த்தது, மேலே இருந்த பெயின்ட்தான் உரிந்தது. உரிந்த இடத்தில் முதலில் ஒரு விலா தெரிந்தது, பிறகு இன்னொன்று.

ஒரு சாவு ஊர்வலம் மில் கேட்டைத் தாண்டிப் போக நேர்ந்த அன்றுதான் விஷயம் மில்லுக்குள் நுழைந்தது. உள்ளே நாலு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது, ஆனாலும் அந்த இருமல் எல்லோருக்கும் கேட்டது. சலிக்கிற பெண்கள் சல்லடையை இறக்கிவைத்தார்கள். மூன்றாம் மிஷினில் நின்றவள் முகத்துணியை அவிழ்த்தாள். ஊர்வலம் கல்லறைக்குப் போய்ச் சேரும்வரை யாரும் சல்லடையைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் வைத்திலிங்கம் ஒரு அட்டைப்பெட்டியோடு செங்கோல்மேரி வீட்டுக்கு வந்தார். ராயப்பனும் கூட வந்தார். வைத்திலிங்கம் கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்து மேனேஜரானவர், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இனிப்பு கொடுத்தனுப்புகிறவர். பெட்டியைத் திறந்து ஒரு புதுத் தோலை எடுத்தார். வெளிநாட்டுத் தோல். குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற நூலில் நெய்தது என்றார்.

"பத்து வருஷத்துக்கு உத்தரவாதம்மா. உங்க பேண்டுக்கு மில்லு சார்பா அன்பளிப்பு. எப்பேர்ப்பட்ட தூசியும் ஒண்ணும் பண்ணாது."

செங்கோல்மேரி அதை வாங்கி, விரலால் சுண்டிப் பார்த்தாள். நல்ல தோல். அவள் கையில் எடுத்ததிலேயே நல்ல தோல். சத்தம் ஊசி மாதிரி நேராகப் போயிற்று.

"இது இருமுமா சார்?" என்று கேட்டாள்.

வைத்திலிங்கம் ராயப்பன் பக்கம் திரும்பினார். ராயப்பன்தான் சொன்னார்: "செங்கோலு, பிடிவாதம் பிடிக்காத. என் மவன் உள்ள வேல பாக்குறான். மில்லுக்காரவுக தன்மையாத்தான் கேக்குறாக."

"நானும் தன்மையாத்தாண்ணே சொல்றேன். தூசிக்குத் தாங்குற தோலக் குண்டுச் சட்டையில தேடி வாங்கிட்டு வந்துருக்காரு. தூசிக்குத் தாங்குற மாதிரி எங்கக்காவுக்கு ஒரு முகமூடி வாங்கித் தரல. தோலு வேண்டாம் சார். எடுத்துட்டுப் போங்க."

ராயப்பன் அந்தப் பெட்டியை விடவில்லை. தானே எடுத்துக்கொண்டு போய், பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரம்காரனைக் கூட்டிவந்து, அந்தத் தோலைப் போட்டு, செங்கோல்மேரி இல்லாமல் ஒரு கல்யாணத்துக்குப் போனார். டிரம் அருமையாகப் பேசியது. ஜனங்கள் கேட்டார்கள், "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள், பாட்டு முடிந்த பிறகும் எதையோ எதிர்பார்த்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை வந்து, "பிரகாசி வரலியா ராயப்பா?" என்று கேட்டாள். ராயப்பன் உதட்டிலிருந்து டிரம்பெட்டை எடுத்தார். அவர் மகன் கூட்டத்தில் நின்றிருந்தான். இருபத்திரண்டு வயதில் அவன் புருவம் வெளுத்திருந்ததை அவர் தினம் பார்த்தவர்தான், ஆனால் டிரம் இருமாமல் இருந்த அந்த அமைதியில் அவன் இருமியது அவருக்குத் தனியாகக் கேட்டது. மறுநாள் அவர் செங்கோல்மேரி வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வரவில்லை. "சாயங்காலம் ஒத்திகை" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை பங்கு மண்டபத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண், மூக்குக்கண்ணாடியில் மாவு படியப் படிய முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தவர். கூட மதுரையிலிருந்து வந்த நெஞ்சு டாக்டர் ஒருவர், இளவயசுக்காரர். ஊரே வெளியில் நின்றது. மில்லின் வக்கீல் எழுந்து, இருபத்தேழு பேரும் டிபியில் இறந்தவர்கள், அதற்கு டாக்டர் எழுதிய காகிதம் இருக்கிறது, பிலிம் என்று எதுவும் எங்களிடம் இல்லை, மேலும் இதில் ஒருவர் பெயர்கூட எங்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை, இவர்கள் எங்கே வேலை செய்தார்களோ எங்களுக்குத் தெரியாது என்றார். பதிவேட்டைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே இல்லை. கூலிக்கு வந்தவர்களின் பெயரை மில் எந்த நாளும் எழுதியதில்லை.

செங்கோல்மேரி டிரம்மைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"எங்கக்கா படம்மா. உசுரோட இருக்கும்போது எடுத்தது."

அதிகாரி தோலைக் குனிந்து பார்த்தார். பெயின்ட் உரிந்து ஏழு விலா தெரிந்தது. வக்கீலும் பார்த்தார். "பேரு எங்க? தேதி எங்க? நம்பர் எங்க? இது யார் நெஞ்சு வேணாலும் இருக்கலாமே" என்றார்.

பேர் அடுப்பில் எரிந்துபோயிருந்தது. அதைத் தன் கையால் போட்டது செங்கோல்மேரிக்கு ஞாபகம் வந்தது. மண்டபத்தில் அவள் தலை குனிந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் எழுந்து வந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் வட்டத்தை டிரம்மின்மேல், வலதுபக்க மேல் விலாவுக்குக் கீழே வைத்தார். "மூச்ச இழுத்து விடுங்க" என்று பழக்கத்தில் சொன்னார். செங்கோல்மேரி குச்சி நுனியால் லேசாக உருட்டினாள். டிரம் இழுத்தது, விட்டது. அவர் இடத்தை மாற்றிவைத்தார். டிரம்மைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் வைத்தார். "இருமுங்க" என்றார். டிரம் இருமியது. வெகுநேரம் கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

"இது டிபி இல்லம்மா. கல்லுத்தூசி. நுரையீரல் முழுக்கக் கல்லாகியிருக்கு." பிறகு செங்கோல்மேரியிடம் திரும்பி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இது ஒட்டுற வியாதியே கிடையாதும்மா. ஒண்ணாச் சாப்பிட்டா, ஒண்ணாப் படுத்தா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

தனித் தட்டும் தனி டம்ளரும் கோழிக்கூண்டுப் பக்கம் போட்ட பாயும் பெரியம்மா மடியிலிருந்து பிடுங்கிய பிள்ளையும் செங்கோல்மேரிக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. அழுகை வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் குனிந்து, போல்ட் சாவியை எடுத்து, டிரம்மின் ஆறு போல்ட்டையும் இன்னொரு சுற்று இறுக்கினாள்.

வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். "கல்லுத்தூசின்னே வச்சுக்குவோம். எந்தக் கல்லு, எந்த மில்லு? நாட்டுல ஒரு மில்லுதானா இருக்கு? இந்த இருமல் யாரோடது?"

"நீங்க வாசிங்கம்மா" என்றார் அதிகாரி.

செங்கோல்மேரி வாசித்தாள். அதுவரை அவள் கல்யாணத்துக்கு வாசித்தாள், சாவுக்கு வாசித்தாள், சப்பரத்துக்கு வாசித்தாள், எல்லாவற்றிலும் அக்காவுக்குக் கொஞ்சம் இளைப்பாற இடம் விட்டு வாசித்தாள். அன்று இடம் விடவில்லை. மூன்றாம் வருஷத்துக் கடைசி மாதத்தில் பிரகாசி எப்படி இருமினாளோ அப்படி, மிஷினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை ஊன்றி, மூச்சு திரும்பி வருமா வராதா என்று பார்ப்பவர்களுக்கே மூச்சு நின்றுபோகிற மாதிரி, டிரம் இருமியது. மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகளில் படிந்திருந்த மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியில் நின்றவர்கள் தங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருமல் நிற்கவில்லை, நின்றது போல் இருந்து இன்னும் கெட்டியாக எழுந்தது. அப்போது மில்காரர்களின் பெஞ்சிலிருந்து வைத்திலிங்கம் துள்ளியெழுந்து கத்தினார்:

"யாராச்சும் பிரகாசிக்குத் தண்ணி குடுங்கய்யா! மூணாம் மிஷின நிப்பாட்டு!"

குச்சிகள் நின்றன.

வைத்திலிங்கம் நின்றபடியே இருந்தார். சூப்பர்வைசராக இருந்தபோது பிரகாசியின் மூன்றாம் வருஷம் முழுக்க அந்த இருமல் எழும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவை. அவற்றை அவர் சொல்லவில்லை, அவை தானாக வந்தன. வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். அவர் உட்காரவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் இந்தப் பிரகாசி?" என்று கேட்டார்.

வைத்திலிங்கம் டிரம்மைப் பார்த்தார், செங்கோல்மேரியைப் பார்த்தார். "எங்க ஆளுதாம்மா" என்றார். "மூணாம் மிஷின்ல சலிச்சவ." அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, மற்ற இருபத்தாறு பேரின் பேரையும், எந்த மிஷின், எந்த ஷிப்டு என்பதையும், மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பேருக்கும் வெளியில் கூட்டத்தில் ஓர் இடத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

இருபத்தேழு சாவுக்கும் காகிதம் மாறியது. டிபி என்று இருந்த இடத்தில் கல்தூசி என்று எழுதப்பட்டது. மூன்றாம் மிஷினுக்குச் சீல் வைத்தார்கள், மற்ற மிஷின்களுக்கு மூடியும் தண்ணீர்க் குழாயும் போட்டால்தான் ஓட்டலாம் என்று உத்தரவு வந்தது. மில் அதைப் போடவில்லை, மூடிக்கொண்டு போய்விட்டது. ராயப்பனின் மகன் வீட்டோடு இருந்தான், டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டான், சாயங்காலம் பெரிய டிரம்மைச் சுமந்தான், நுரையீரலில் ஏறிய கல் ஏறினதுதான், இறங்காது என்று அவனுக்கும் தெரியும். ஊரில் பாதிப்பேர் செங்கோல்மேரியைக் கும்பிட்டார்கள். மீதிப்பேர், "பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாளே" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். "மண்ணத்தான இவ்வளவு நாளும் தின்னோம்" என்று அவளும் அவர்கள் காதுபடவே சொன்னாள்.

அக்காவை இனிமேல் விட்டுவிடச் சொல்லி நல்லவர்கள் சிலர் வந்து கேட்டார்கள். கேஸ் ஜெயித்தாச்சு, தோலைக் கழற்றிக் கல்லறையில் வைத்துவிடு, அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றார்கள். செங்கோல்மேரி டிரம்மை மடியில் எடுத்து வைத்தாள். சாவியை முதல் போல்ட்டில் வைத்து அரைச்சுற்றுத் தளர்த்தவும் செய்தாள். தோல் இருமவில்லை. வேறு மாதிரி ஒரு சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி வேண்டாம் என்று தலையாட்டுகிற மாதிரி, கம்பிகளில் ஓடியது. அவள் அரைச்சுற்றைத் திரும்ப இறுக்கினாள்.

ஆறு மாதம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம், வேறு பெயரில், பச்சைப் பெயின்ட் அடித்த கேட்டோடு ஒரு கல்மாவு மில் திறந்திருக்கிறது என்று செய்தி வந்தது. அதே மிஷின்கள், மேனேஜர் மட்டும் புதுசு என்றார்கள்.

"வேனச் சொல்லுங்கண்ணே" என்றாள் செங்கோல்மேரி.

"யாரு வீட்டு விசேஷம்?" என்றார் ராயப்பன்.

"நம்ம வீட்டுதுதான்."

ஜெயராக்கினி பேண்டு செட் மொத்தமும் சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, காலை எட்டு மணி ஷிப்டுக்குப் பெண்கள் வரிசையில் நின்றபோது, பச்சைக் கேட்டுக்கு முன்னால் போய் இறங்கியது. வாட்ச்மேன் ஓடிவந்து, "யாரு உங்களக் கூப்பிட்டது?" என்று கேட்டான்.

"யாரும் கூப்பிடல. கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு. ரோட்டுலதான் நிக்கிறோம்" என்றார் ராயப்பன். அவர் டிரம்பெட்டைத் தூக்கினார், அவர் மகன் பெரிய டிரம்மில் இரண்டு தட்டுத் தட்டினான், செங்கோல்மேரி குச்சிகளை இறக்கினாள்.

வரிசை திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் புருவம் லேசாக வெளுத்திருந்தது. முன்னால் நின்றவர்கள் கேட்டுக்குள் கால் வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். வாட்ச்மேன் உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கையை வீசிக்கொண்டிருந்தான். நடுவில் நின்ற ஒருத்தி முகத்தில் கட்டிய துணியை இறக்கி, வரிசையை விட்டு ரெண்டடி வெளியே வந்தாள்.

"யாருக்கா அது இருமறது?"

"எங்கக்கா. பேரு பிரகாசி."

"எத்தன வருசம் வேல பாத்தாக?"

"மூணு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "முன்ன பாத்த மில்லையும் சேத்தா எனக்கு இது ரெண்டாவது" என்றாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, கேட் பக்கம் போகாமல், டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் தன் தூக்கைத் தரையில் வைத்தாள்.